நீச்சலுடைக்கு ஓர் அளவு ஜாக்கெட்

கண்ணாடியைத் திருப்பி வைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தேன். முடியாது, நாலு மூலையிலும் ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அடுத்து, பழக்கதோஷம், கேமரா இருக்கிறதா என்று தேடினேன். கொக்கி, பல்பு, பலகைச் சுவரின் இடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாயிற்று. மகளிர் கல்லூரிகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, துணிக்கடைக்குப் போனால் கண்ணாடியில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள் பிள்ளைகளா, விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் நான். இப்போது என் விரலையே வைத்துப் பார்த்தேன். சாதாரணக் கண்ணாடிதான். யாரும் பார்க்கவில்லை. அப்படியானால் இந்தப் பலகைப் பெட்டிக்குள் என்னைப் பார்க்கப்போவது நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியைத்தான் என்னால் சமாளிக்க முடியாது. மற்ற எல்லோரையும் சமாளித்துவிடுவேன். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நின்று கையை நீட்டினால் மணல் லாரி நிற்கும். குடித்துவிட்டு வருகிற பயல்கள் தூரத்தில் என்னைக் கண்டதுமே பைக்கை உருட்டிக்கொண்டு சந்துக்குள் போவார்கள். ஏட்டு தங்கபுஷ்பம் என்றால் இந்தப் பக்கத்தில் ஒரு பேர் இருக்கிறது. அந்த ஏட்டம்மா இப்போது பாளையங்கோட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் பின்கட்டில், கேரம்போர்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், ஆள் உயரப் பலகை அறைக்குள் மூன்று நீச்சலுடைகளைக் கொக்கியில் மாட்டிவிட்டு, சுடிதாரின் துப்பட்டாவைக்கூட எடுக்காமல் நிற்கிறாள். மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தால் திங்கட்கிழமை தண்ணீரில் இறங்கலாம். எடுக்காவிட்டால், மத்தியானத்துக்குள் எஸ்.ஐ. குணசுந்தரி அம்மா போன் செய்யும்போது, நான் வரலைம்மா என்று சொல்லிவிட வேண்டும். மீட்புப் படைக்குப் போகிற பெண் போலீஸில் என் பேரை அடித்துவிட்டு வேறு யாரையாவது போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் விஷயம். ஒரு துணி. அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை என்று வெளியில் சொன்னால் லாரிக்காரன் சிரிப்பான்.

"யக்கா, போட்டாச்சா?" என்று வெளியிலிருந்து சகாயமேரி கேட்டாள். எங்கள் ஸ்டேஷன் கான்ஸ்டபிள், என்னோடு சேர்ந்து மீட்புப் படைக்குப் பேர் கொடுத்தவள். ஒடிசலான பிள்ளை, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி இருப்பாள். அவளுக்கென்ன, எதையும் போட்டுக்கொண்டு எங்கேயும் நடந்து போகலாம். "ஏட்டி, இரு, இப்பதானே உள்ள வந்திருக்கேன்" என்று சத்தம் போட்டேன். வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கொக்கியில் நீச்சலுடைகளுக்குப் பக்கத்தில் என் அளவு ஜாக்கெட்டும் தொங்குகிறது. நீச்சலுடை வாங்கப் போகிறவள் அளவு ஜாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவாளா என்று யாராவது கேட்டால், வேறு எதைக் கொண்டுபோவது என்று நான் திருப்பிக் கேட்பேன். என் உடம்பில் இன்று வரைக்கும் யாரும் டேப்பை வைத்தது கிடையாது. கல்யாணத்துக்குத் துணி தைக்கக் கொடுத்தபோது டெய்லர் அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள், நான் சுவரோடு சுவராக ஒதுங்கினேன், அம்மாதான் நடுவில் புகுந்து, "அதெல்லாம் வேண்டாம், அவ அத்த ஜாக்கெட்டு ஒண்ணு கொண்டாந்திருக்கேன், அத வச்சுத் தையி, கொஞ்சம் தாராளமா விட்டுக்க" என்றாள். அப்படி அத்தையின் உடம்பிலிருந்து எனக்கு ஒரு ஜாக்கெட் வந்தது. அதைக் கொடுத்து அடுத்தது, அடுத்ததைக் கொடுத்து அதற்கடுத்தது. ஒவ்வொரு டெய்லரும் தன் பங்குக்கு ஒரு தையல் தாராளமாக விட்டான். யூனிஃபார்ம் சட்டைக்கும் அப்படித்தான், பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். இன்றைக்கும் கல்லாவில் அந்த ஜாக்கெட்டை எடுத்து வைத்தேன். கிரிக்கெட் மட்டைக்குக் கிரிப் சுற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி அதைப் பார்த்தார், பிறகு மேலே ஃபேனைப் பார்த்தார். பாவம், அவர் கையால் தொடவில்லை. மரஸ்கேலை எடுத்து அதன் நுனியால் ஜாக்கெட்டின் கையை நேராக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு நீச்சலுடையை விரித்து, "இந்தா, இதுக்கு இது சரியா வரும் பாருங்கம்மா" என்றார். எனக்குக் காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. அவர் அளந்தது ஜாக்கெட்டைத்தான். இருந்தும் நடுக்கடையில் என்னையே படுக்கப்போட்டு ஸ்கேலால் தள்ளியது மாதிரி இருந்தது.

முதலில் அந்த அண்ணாச்சி எடுத்துக் கொடுத்ததையே போடுவோம். சின்னப் பாவாடை வைத்த மாடல், கறுப்பில் ஊதாப் பூ. துப்பட்டாவை எடுத்தேன், மடித்தேன், மறுபடியும் பிரித்து மடித்தேன். சுடிதாரைக் கழற்றும்போது கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டிலும் அப்படித்தான், குளியலறையில் கண்ணாடியே கிடையாது, மாட்டவில்லை. உள்ளே போட்டிருப்பதன் மேலேயே இழுத்து விட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தால், நன்றாகத்தான் இருந்தது. பாவாடை இடுப்பை மூடியிருந்தது. மேலேயும் தொளதொளவென்று, எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல். எனக்குப் பிடித்த மாதிரியே. இதையே எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்தபோதே மீட்புப் படைக்கான நீச்சல் பயிற்சியின் முதல் வகுப்பு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் காட்டன் டீஷர்ட்டும் லெக்கின்ஸும் போட்டுக்கொண்டு போய் நின்றேன். பயிற்சி கொடுக்கிற குணசுந்தரி அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, பருத்தித் துணி தண்ணி குடிச்சு உன்னைக் கீழே இழுக்கும், காஸ்ட்யூம் இல்லாம யாரும் இறங்கக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார். அடுத்த வகுப்புக்கு ஒரு காஸ்ட்யூம் வாங்கி வைத்திருந்தேன், இதே மாதிரிதான், தொளதொளவென்று. வகுப்புக்கு முன்னால் வீட்டுக் குளியலறையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிப் பார்த்தேன். பாவாடை இடுப்புக்கு மேலே ஏறிக்கொண்டது. மாரில் வைத்திருந்த பஞ்சுக் கிண்ணங்கள் இரண்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தன. குனிந்தேன், எல்லாம் கழுத்து வழியாக வெளியே வரப்பார்த்தது. இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நீச்சல் குளத்துக்குப் போய், அம்மா, எனக்கு மூணு நாள் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எந்த அதிகாரியும் கேள்வி கேட்கமாட்டார். ஸ்கூலில் டிரில் வகுப்புக்கு, கோயிலுக்கு, பிடிக்காத கல்யாண வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லித் தப்பித்திருக்கிறோம். சகாயமேரியும் எனக்குத் துணையாக, எனக்கும்தாம்மா என்று சொல்லிவிட்டு என்னோடு கரையில் உட்கார்ந்தாள். பாசக்காரி. மூணு நாள் முடிந்தும் நான் மூணு நாளையே சொல்லிக்கொண்டிருந்தேன். போன வகுப்பில் குணசுந்தரி அம்மா என் முகத்தைச் சும்மா பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் கழுத்தில் வேர்க்கிறது.

பாவாடை மாடலைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஏன் இந்த வம்பில் மாட்டினோம் என்று யோசித்தால் அந்த மழைதான் வருகிறது. அதற்கு முன்னால் நீச்சலைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் ஆற்றில் இறங்காதவள். அந்த மழையில் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. நான் தெருமுனையில் கெண்டைக்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும், என் மாதிரியே கனத்த உடம்பு. நைட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, இரண்டு கையையும் மாரில் கட்டிக்கொண்டிருந்தாள். மீட்புப் படகு சுவரோரம் போய் நின்றது. பையன்கள் கையை நீட்டினார்கள். கையைக் கொடுத்தால்தானே இறங்க முடியும். அவள் கையை எடுக்கவில்லை. "பொம்பளப் போலீஸ் யாருமே இல்லையாய்யா?" என்று கத்தினாள். பிறகு, "ஒரு துண்டாவது போடுங்கய்யா!" என்றாள். உசுரு போற நேரத்துல துண்டு கேக்கா பாரு என்று என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஏசினார்கள். படகுப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். நான் மட்டும் ஏசவில்லை. அவள் கேட்டது எனக்கு அவ்வளவு நன்றாகப் புரிந்தது, அதுதான் கேவலமாக இருந்தது. பொம்பளைப் போலீஸ் இங்கேதான் நிற்கிறேன், யூனிஃபார்மில், கயிற்றோடு, நீந்தத் தெரியாமல். படகு வெறுமனே திரும்பி வந்து, யாரோ கொடுத்த துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி போவதற்குள் தண்ணீர் மாடிச் சுவரைத் தொட்டுவிட்டது. வந்துவிட்டாள், உயிரோடுதான் வந்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மீட்புப் படைக்கு யாருக்கெல்லாம் விருப்பம் என்று கேட்டபோது கையைத் தூக்கியது அதனால்தான். நான் படகில் போய் நின்றால் அப்படி ஒருத்தி கையைக் கொடுப்பாள் என்று பெரிய வீராப்பு. இப்போது பார்த்தால் அவளைத் தூக்கப் போகவேண்டியவளே பலகை அறைக்குள் மாரைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டாவதை எடுத்தேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் மூடுகிறது, முன்னால் ஜிப். மூடுகிறது என்பதால்தான் எடுத்தேன். இடுப்பு வரைக்கும் சொன்னபடி கேட்டது. ஜிப் வயிற்றைத் தாண்டி மேலே வந்ததும் நின்றுவிட்டது. மூச்சை உள்ளே இழுத்து, ஒரு கையால் அமுக்கி, மறுகையால் இழுத்தேன். கொஞ்சம் ஏறியது. இன்னும் கொஞ்சம். பிறகு உள்சட்டையின் லேஸ் ஜிப்பின் பல்லில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. "யக்கா?" என்று மறுபடி சகாயமேரி. "ஒண்ணுமில்லட்டி" என்றேன். ஒன்றுமில்லையாம். மூன்றாம் நம்பர் பீட்டில் ரோந்து போகும்போது என்னைப் பார்த்து ஆட்டோக்காரன் ஒருவன் பக்கத்து வண்டிக்காரனிடம் "பம்பர் வருது, வண்டிய எடு" என்று சொன்னது இந்த நேரத்தில்தான் ஞாபகம் வரவேண்டுமா. லாரிக்கு முன்னால் இருக்குமே, அந்த பம்பர். அன்றைக்கு என் காதில் விழவில்லை என்று நான் நடித்தேன். அவனுக்கு ஃபைன் போட்டிருக்கலாம், நம்பர் பிளேட்கூட ஒழுங்காக இல்லை. போட்டால் ஏன் போட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், எனக்குக் கேட்டுவிட்டது என்றும் தெரிந்துவிடும். அவனைக் கும்பிட்டு அனுப்பாத குறையாக அனுப்பிவைத்தேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அட்லஸைப் புவியியல் பாடம் உள்ள அன்றைக்குக் கொண்டுவருவார்கள், நான் தினமும் கொண்டுபோவேன். அதுதான் பையில் இருந்ததிலேயே பெரிய புத்தகம். மாரோடு அணைத்துக்கொண்டு வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. உலகப்படத்தை அவ்வளவு நேசித்தும் எனக்குப் புவியியலில் மார்க் வந்ததில்லை. போலீஸ் தேர்வு ஓட்டத்துக்கு அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து நெஞ்சைச் சுற்றி இறுக்கக் கட்டிக்கொண்டு ஓடினேன். மூச்சு விட இடமில்லாமல் கோட்டைத் தாண்டியதும் வாந்தி எடுத்தேன். பாஸ். எல்லோரும் கைதட்டினார்கள். சாயங்காலம் சேலைத் துண்டை அவிழ்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அதைச் சொல்ல யாருமில்லை. சொன்னாலும் எந்த வார்த்தையில் சொல்வது, நெஞ்சு என்றா, மார்பு என்றா, உடம்பு என்றுதான் சொல்வோம், உடம்பு வலிக்கிறது என்போம், எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

லேஸைப் பல்லிலிருந்து பிய்த்து எடுத்தாயிற்று. லேஸ் போனால் போகிறது. சட்டைக்கு உள்ளே இருக்கிற சமாச்சாரம், எவன் பார்க்கப்போகிறான். என் வீட்டுக்காரர் பால்துரை பார்ப்பார், மின்வாரியத்தில் லைன்மேன், நல்ல மனிதர். நீச்சல் பழகப்போகிறேன் என்று சொன்னதும் ஆம்பளைங்க இருப்பாங்களா என்று கேட்டார். இல்லை, எல்லாம் பொம்பளைங்கதான் என்றேன். சரி, பாத்துப் போ என்றார். பிறகு சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நீ எறங்குனா குளத்துத் தண்ணி வெளிய வழிஞ்சிரும்ட்டி, முன்னாடியே சொல்லி வச்சிரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பாசமாகத்தான் சொன்னார், தப்பு ஒன்றுமில்லை. தட்டைத் தேய்க்கும்போது அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்த் தேங்கிக்கொண்டது, இன்னும் வடியவில்லை. உள்சட்டையை அவர் வாங்கித் தருவதில்லை, நானேதான் வாங்குகிறேன். ஆனால் அதையும் ஒரு ஆளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கடையில் ஆண்பிள்ளை நிற்பான், நம்பரை மட்டும் மெதுவாகச் சொன்னால் அட்டைப்பெட்டியை எடுத்துக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவான். பெட்டியில் நம்பருக்குப் பக்கத்தில் கிண்ணத்தின் அளவைச் சொல்லும் ஒரு எழுத்தும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நம்பரைச் சொல்லிவிடலாம், செருப்புக்குக்கூட நம்பர் உண்டு. எழுத்தைச் சொன்னால் அது எதைப் பற்றியது என்று அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதனால் பத்தாமல் போகும்போதெல்லாம் எழுத்தை விட்டுவிட்டு நம்பரைத்தான் கூட்டிக்கொண்டே போனேன். முதுகுப்பட்டை தொளதொளத்து மேலே ஏறும், ஊக்கு குத்திச் சின்னதாக்குவேன். பாரமெல்லாம் தோள்வாரில் தொங்கும். இரண்டு தோளிலும் வார் பதிந்த பள்ளம் இருக்கிறது, விரலை வைத்தால் உட்காரும். ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு பந்தோபஸ்து டியூட்டி, தோள் வலி என்று சொல்லுவேன்.

மூன்றாவதைப் பார்த்ததுமே இது நமக்கில்லை என்று தோன்றியது. சகாயமேரிதான், "சும்மா போட்டுப் பாருங்கக்கா" என்று கையில் திணித்தாள். கருநீலம், முழங்கால் வரைக்கும், பாவாடை கிடையாது, பூ கிடையாது, ஒளிய ஒரு மடிப்புக்கூட இல்லை. தோளில் அகலமான பட்டை, முதுகில் குறுக்காகச் சேர்கிறது. மாருக்குக் கீழே நாலு விரல் அகலத்தில் கெட்டியான எலாஸ்டிக். பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் ஜாக்கெட்டில் பாதிகூட இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தைத்தது மாதிரி. இதற்குள் நானா. கால் நுழைந்தது, தொடையில் உருட்டி உருட்டி ஏற்றினேன், இடுப்பில் ஒரு யுத்தம். உள்சட்டையோடு மேலே ஏறவே ஏறாது என்று தெரிந்துவிட்டது. உள்சட்டையைக் கழற்றினேன். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். அள்ளி உள்ளே வைத்துப் பட்டையைத் தோளில் இழுத்து விட்டேன். அவ்வளவுதான், மூச்சு முட்டப்போகிறது, அம்மாவின் சேலைத் துண்டு மாதிரி தோலைப் பிய்க்கப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். முட்டவில்லை. விலா எலும்பைச் சுற்றி எலாஸ்டிக் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தது மாதிரி இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன், அதுவும் கூடவே விரிந்தது. குனிந்தேன். எதுவும் வெளியே வரவில்லை. ஒரு குதி குதித்தேன், மெதுவாக. பலகை அறை ஆடியது, கேரம்போர்டுப் பெட்டி ஒன்று எங்கேயோ சரிந்தது, என் உடம்பு ஆடவில்லை. தோளில் பாரமே இல்லை. யாரோ பின்னால் நின்று மூட்டையை இறக்கி வாங்கிக்கொண்டது மாதிரி இருந்தது, திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பினால் கண்ணாடி. அதில் ஒரு பொம்பளை. மாருக்கு இதுதான் எல்லை என்று துணியே கோடு போட்டுக் காட்டுகிறது. இரண்டு என்று எண்ணிச் சொல்லிவிடலாம். இத்தனை வருஷம் தொளதொளப்புக்குள் ஒரு மூட்டையாக வைத்திருந்ததை இது பிரித்துக் காட்டிவிட்டது. கை தானாக மேலே வந்து மூடிக்கொண்டது. வசதியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதை எடுக்கக் கூடாது. தொளதொளப்பையே எடுத்துக்கொள்ளலாம், இறங்க வேண்டாம், பேரை அடிக்கட்டும், ரவுண்டானா இருக்கிறது, லாரி இருக்கிறது, யூனிஃபார்ம் இருக்கிறது. அந்த மாடிப் பெண்ணுக்கு வேறு யாராவது போவார்கள். வேறு யாராவது என்றால் யார்? போகிறவளுக்கும் ஒரு உடம்பு இருக்குமே. கழற்றிவிடு. கழற்றினால் மறுபடி தோளில் பாரம் ஏறும். கையை எடு. எடுத்தால் தெரியும்.

அப்போதுதான் பைக்குள் போன் அதிர்ந்தது. குணசுந்தரி அம்மா என்று பேரைப் பார்த்ததும் குதிகால் இரண்டும் டப்பென்று சேர்ந்துகொண்டது. எங்கள் சாதிக்கே உள்ள வியாதி அது, காக்கிச் சாதிக்கு. அதிகாரி போனில் வந்தாலும் விறைத்துக்கொண்டுதான் பேசுவோம். அடுப்படியில் கரண்டியோடு நான் விறைத்து நின்றதைப் பார்த்து வீட்டுக்காரர் சிரித்திருக்கிறார். வயிறு உள்ளே, தோள் பின்னால், நெஞ்சு முன்னால். போன் இடது காதில், வலது கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. "பேர் அனுப்பணும் புஷ்பம். வர்றியா, வரலையா?" என்றார். எதிரே கண்ணாடியில் கருநீல உடையில் ஒருத்தி சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிறாள், அக்குள் முடி தெரிகிறது. "வாரேம்மா" என்றேன். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் என் குரல் என்று தெரிந்தது. "மூணு நாள் முடிஞ்சுதா?" என்றார். முடிஞ்சுதும்மா என்று சொல்லியிருந்தால் போதும், அதோடு போயிருக்கும். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பொய் வரமாட்டேன் என்கிறது. "அது அன்னைக்கே இல்லம்மா. காஸ்ட்யூம் போட வெக்கமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன்" என்றேன். பலகைச் சுவர், கடை முழுக்கக் கேட்டிருக்கும். "தெரியும். பாதிப் பேரு அதையே சொல்லித்தான் கரையில உக்காந்திருக்கா. திங்கக்கிழமை மொத ஆளா நீ எறங்கு. ஒன்னப் பாத்தாவது மத்ததுக எறங்கட்டும்" என்றார். முதல் ஆளா. எல்லோரும் கரையில் உட்கார்ந்து பார்க்க, நானா. "எஸ் மா" என்றுதான் வந்தது. போன் அணைந்தும் கை நெற்றியிலிருந்து இறங்கவில்லை.

கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். "யக்கா, தெறங்க" என்றாள் சகாயமேரி, குரல் ஒரு மாதிரி இருந்தது. தாழ்ப்பாளை எடுத்ததும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பேர் நிற்க இடமில்லை. என்னைப் பார்ப்பாள், என்ன சொல்லப்போகிறாளோ என்று கை மறுபடி மேலே வரப்பார்த்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன்ல அம்மா சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு. அவங்க சொன்ன பாதிப் பேருல நானும் உண்டுக்கா. ஒங்களுக்குத் துணைக்குன்னு உக்காரல" என்றாள். ஒனக்கு என்னட்டி வெக்கம், நீ எப்படி இருக்க என்று ஏசப் போனேன். "எனக்கு ஒண்ணுமே இல்லக்கா" என்றாள். "தினமும் உள்ள பஞ்சு வச்சுத்தான் யூனிஃபார்ம் போடுதேன். மாமியாருக்குக்கூடத் தெரியாது. தண்ணியில பஞ்சு வெளிய வந்து மெதந்துட்டா நான் எங்கக்கா போய் நிப்பேன்?" என்று சொல்லும்போதே மூக்கு சிவந்து கண்ணீர் வந்துவிட்டது. இவளையா நான் இத்தனை நாள் பொறாமையோடு பார்த்தேன். அவள் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கருநீலத் துணி நனைந்தது. "இதுலயே ஒனக்கும் ஒண்ணு வாங்குவோம். கெட்டியாப் பிடிக்கி, பஞ்சு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "அந்த அண்ணாச்சிகிட்டப் போயி என் சைஸ எப்படிக்கா சொல்லுவேன், அவரு சின்னப்புள்ளைக்கான்னு கேப்பாரு, அங்க ரெண்டு ஆம்பளைங்க வேற நிக்காங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து முன்பக்கம் ஷட்டர் பாதி இறங்குகிற சத்தம். "ஏட்டம்மா, சாப்பாட்டுக்குக் கடைய அடைக்கணும், முடிஞ்சுதா?" என்று அண்ணாச்சி குரல் கொடுத்தார். சகாயமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்க்கா, போயிருவோம், எனக்கு வேண்டாம் என்று முனகினாள். போனால் திங்கட்கிழமை அவள் வரமாட்டாள். எனக்குத் தெரியும், நானாக இருந்தாலும் வரமாட்டேன். "நீ உள்ளயே இரு" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனேன்.

கேரம்போர்டுப் பெட்டிகளைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது, நீச்சலுடைக்கு மேலே எதுவும் போடவில்லை. கல்லாவில் டென்னிஸ் பந்து வாங்க வந்த இரண்டு ஆண்கள் திரும்பினார்கள். அண்ணாச்சி ஷட்டர் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். டியூப்லைட் வெளிச்சம் முழுக்க என் மேல் விழுந்தது. தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் தோல் கூசியது, காது இரைந்தது, கால் திரும்பச் சொன்னது. திரும்பிப் போய்ச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் ஷட்டர் இறங்கிவிடும், அந்தப் பிள்ளையின் மனசும் இறங்கிவிடும். அந்த ஆண்களில் ஒருவன் சட்டென்று பந்தைப் பார்த்தான், இன்னொருவன் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். பார்த்துத் தொலை. கல்லா வரைக்கும் நடந்து போனேன். இரண்டு கையையும் கல்லாவின் மேல் ஊன்றிக்கொண்டு, அண்ணாச்சிக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்து, ரகசியமாகச் சொன்னேன்: "அண்ணாச்சி, இதே மாடல்ல ஆகச் சின்ன சைஸு ஒண்ணு எடுங்க. சத்தமாக் கேக்காதீங்க."